மேற்கை எலும்பு முறிவுக்குத் தகடு: அது எதைத் தாங்கும், எவ்வளவு நாள் தாங்கும்?

அறுவை சிகிச்சைக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரே படத்தைப் பலர் கைப்பேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். எலும்பின் மேல் வெள்ளையாக ஒரு பட்டை, அதில் வரிசையாகத் திருகுகள். பார்க்கவே பலமாக இருக்கும். “இரும்பே வைத்துவிட்டார்கள், இனி என்ன கவலை” என்று சிலர் இரண்டாவது வாரத்திலேயே தண்ணீர் வாளியைத் தூக்கிவிடுகிறார்கள். வேறு சிலரோ, திருகு கழன்றுவிடுமோ என்ற பயத்தில் மூன்று மாதம் கையை மார்போடு சேர்த்தே வைத்திருந்துவிட்டு, பிறகு தலை சீவக்கூடக் கையை உயர்த்த முடியாமல் தவிக்கிறார்கள். இரண்டு தரப்பினருமே தகட்டின் வேலையைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள்.

தகடு என்பது உடைந்த எலும்புக்குப் பதிலாக வைக்கப்படும் புதிய எலும்பு அல்ல. எலும்பு தானாகக் கூடும் வரை துண்டுகளை அதனதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கும் துணை மட்டுமே. எலும்பைக் கூட்டுவது உங்கள் உடல்தான். அதற்கு மேற்கையில் பொதுவாக மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். அதுவரை உங்கள் கையின் சுமையில் பெரும்பகுதியைத் தகடும் திருகுகளும் சுமக்கின்றன. உலோகம் சலிப்பதற்கு முன் எலும்பு கூடிவிட வேண்டும். இந்தப் பந்தயத்தில் எலும்பு முந்துவதற்கு நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, தகடு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

எல்லா முறிவுக்கும் தகடு தேவையா?

தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் இருப்பது ஒரே எலும்பு. அதன் மேல்முனை உருண்டையாகத் தோள் மூட்டில் பொருந்துகிறது. நடுப்பகுதி குழாய் போன்றது. கீழ்முனை அகன்று முழங்கை மூட்டாகிறது. வயதானவர்கள் குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றி விழும்போது பெரும்பாலும் மேல்முனை உடைகிறது. மோட்டார் சைக்கிள் விபத்தில் நடுப்பகுதி உடைவது அதிகம். பலப்பரீட்சைக்காக மேசையில் கையை ஊன்றி மல்லுக்கட்டும் இளைஞர்களுக்கு, எந்த அடியும் படாமலேயே நடுப்பகுதியின் கீழ்ப்புறம் திருகிக்கொண்டு உடைவது உண்டு. முறுக்கு விசை இந்த எலும்பை எந்த அளவுக்குப் பாதிக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. இந்த விஷயம் பின்னால் மறுபடியும் வரும்.

மேற்கை முறிவுகளில் பலவற்றுக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படாது. மேல்முனை முறிவில் துண்டுகள் அதிகம் விலகாமல் இருந்தால், ஸ்லிங் எனப்படும் கைத்தூளியில் சில வாரங்கள் கையைத் தொங்கவிட்டு, பிறகு பயிற்சி செய்தால் போதும். துண்டுகள் விலகிய மேல்முனை முறிவுகளிலும் தகடுதான் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. 2015இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, இப்படிப்பட்ட முறிவு கொண்ட 250 பேரை அறுவை சிகிச்சை பெற்றவர்கள், பெறாதவர்கள் என்று இரண்டு பிரிவாக்கி இரண்டு ஆண்டுகள் கவனித்தது. தங்கள் கையை எந்த அளவுக்குப் பயன்படுத்த முடிகிறது என்று அவர்களே சொன்னதில், இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நடுப்பகுதி முறிவுக்கு, அமெரிக்காவில் பணியாற்றிய டாக்டர் அகஸ்டோ சார்மியெண்டோ 1970களில் பரவலாக்கிய பிளாஸ்டிக் உறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. மேற்கையைச் சுற்றி இறுக்கிக் கட்டும் இந்த உறைக்குள் தசைகளே எலும்பை நேராகப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே, “பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தகடு வைத்தார்கள், எனக்கு ஏன் வைக்கவில்லை?” என்று வருத்தப்படத் தேவையில்லை.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால், இரத்தக் குழாய் அறுபட்டிருந்தால், முறிவு மூட்டுக்குள் ஓடியிருந்தால், அதே பக்கத்தில் முன்கையும் உடைந்திருந்தால், அல்லது உறையில் எலும்பு நேராக நிற்காவிட்டால் மருத்துவர் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைப்பார். காலும் கையும் சேர்ந்து உடைந்த மோட்டார் சைக்கிளோட்டிக்குத் தகடு வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் ஊன்றுகோலில் நடக்க வேண்டும். ஊன்றுகோலில் நடப்பவருக்குக் கைகளும் கால்களே. அதைக் கணக்கில் வைத்துத்தான் மருத்துவர் நடுப்பகுதிக்குத் தடிமனான, நீளமான தகட்டைத் தேர்ந்தெடுப்பார். அப்படிப்பட்ட நோயாளியிடம் அவர் “கையை ஊன்றலாம்” என்று சொல்லியிருப்பார். அதைக் கேட்டு, மேல்முனையில் தகடு வைத்த மற்றொரு நோயாளி தானும் ஊன்றினால் ஆபத்து. ஒருவருக்குச் சொன்ன அறிவுரை இன்னொருவருக்குப் பொருந்தாது.

எலும்பு கூட எவ்வளவு அசைவு தேவை?

எலும்புத் துண்டுகள் கொஞ்சமும் அசையாமல் இருந்தால்தான் ஒட்டும் என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டாக்டர் ஸ்டீபன் பெர்ரன் இதை எளிதான ஒரு கணக்காக விளக்கினார். முறிவின் இடைவெளியில் முதலில் உருவாவது மெல்லிய சவ்வு போன்ற திசு. அது தன் நீளத்துக்குச் சமமாக, அதாவது 100 விழுக்காடு வரை இழுபட்டாலும் கிழியாது. அடுத்து வரும் குருத்தெலும்பு சுமார் 10 விழுக்காடு தாங்கும். எலும்போ ஏறக்குறைய 2 விழுக்காட்டைத்தான் தாங்கும். எனவே அசைவு படிப்படியாகக் குறைந்து வந்தால்தான் சவ்வு குருத்தெலும்பாகவும், குருத்தெலும்பு எலும்பாகவும் மாற முடியும்.

ஓர் எடுத்துக்காட்டு. முறிவின் இடைவெளி 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் அரை மில்லிமீட்டர் அசைவு இருந்தால் அது 50 விழுக்காடு. எலும்பு உருவாகவே முடியாது. அதே எலும்பு பல துண்டுகளாக நொறுங்கி, மொத்தம் 10 மில்லிமீட்டர் தூரத்துக்கு இடைவெளிகள் பரவியிருந்தால் அதே அரை மில்லிமீட்டர் வெறும் 5 விழுக்காடுதான். அங்கே குருத்தெலும்பு உருவாகி, மெல்ல எலும்பாக மாற வழியிருக்கிறது.

இதனால்தான் தகட்டை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். எலும்பு நேர்க்கோட்டில் இரண்டாக உடைந்திருந்தால், இரு முனைகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்து அசைவே இல்லாதபடி திருகுகிறார்கள். தச்சர் இரண்டு பலகைகளை இடுக்கியில் நெருக்கிப் பிடிப்பது போன்றது இது. அப்போது தகடும் எலும்பும் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. எலும்பு நொறுங்கியிருந்தால் அந்தச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பொருத்த முயன்றால் அவற்றுக்கு இரத்தம் கொண்டுவரும் தசையைப் பிரிக்க வேண்டிவரும். அதனால் நொறுங்கிய பகுதியைத் தொடாமல் விட்டு, மேலும் கீழும் உள்ள நல்ல எலும்பில் மட்டும் திருகி, நடுவில் தகட்டைப் பாலம்போல் போடுகிறார்கள். இந்தப் பாலம் இலேசாக வளைந்து நிமிரும். அந்தச் சிறு அசைவே புது எலும்பு வளரத் தூண்டுகிறது. சில வாரங்கள் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றிப் பஞ்சுபோல் மங்கலான வெண்மை தெரிந்தால், அது நல்ல செய்தி.

“திருகு போட மறந்துவிட்டார்களா?”

எக்ஸ்ரேயைப் பார்த்து நோயாளிகளும் குடும்பத்தினரும் கேட்கும் கேள்விகளில் இது முதன்மையானது. தகட்டில் எட்டோ ஒன்பதோ துளைகள் இருக்கும். அவற்றில் சில காலியாக இருக்கும், அதுவும் முறிவுக்கு நேர் மேலேயே. யாரும் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு மெல்லிய கம்பியை இரண்டு கைகளாலும் மிக அருகருகே பிடித்து வளையுங்கள். ஒரே இடத்தில் மடங்கும். நாலைந்து தடவை முன்னும் பின்னும் வளைத்தால் அந்த இடத்திலேயே ஒடிந்துவிடும். இப்போது அதே மாதிரி இன்னொரு கம்பியின் இரு முனைகளையும் பிடித்து வளையுங்கள். வில்போல் மெதுவாக வளைந்து, விட்டதும் நிமிரும். தகடும் அப்படித்தான். நொறுங்கிய முறிவுக்கு இரு பக்கமும் மிக அருகில் திருகினால் வளைவு முழுவதும் ஒரு சிறு இடத்தில் குவிகிறது. கொஞ்சம் தள்ளித் திருகினால் வளைவு தகட்டின் நீளத்துக்குப் பரவுகிறது, உலோகம் சீக்கிரம் சலிப்பதில்லை. நீளமான தகட்டில், இடைவெளி விட்டுப் போட்ட குறைந்த திருகுகள், குட்டையான தகட்டில் நெருக்கமாகப் போட்ட நிறையத் திருகுகளைவிட நன்றாகப் பிடிப்பது உண்டு. மேற்கையின் நடுப்பகுதியில் முறிவின் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது மூன்று திருகுகள் இருப்பது வழக்கம்.

உலோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. துருப்பிடிக்காத எஃகு, டைட்டேனியம் கலவை ஆகிய இரண்டுமே பயன்பாட்டில் உள்ளன. டைட்டேனியம் விலை கூடியது. அதனால் அதுதான் கெட்டியானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் டைட்டேனியத்தின் விறைப்பு எஃகின் விறைப்பில் ஏறக்குறைய பாதிதான். சில முறிவுகளுக்கு அந்த நெகிழ்வே நல்லது. சிலவற்றுக்கு எஃகின் விறைப்புத் தேவை. தடிமன் இதைவிடவும் முக்கியம். ஒரே அகலமுள்ள தகட்டின் தடிமனை இரு மடங்காக்கினால் வளைவை எதிர்க்கும் விறைப்பு எட்டு மடங்காகிறது. எனவே எந்த உலோகம் என்பதைவிட, உங்கள் முறிவுக்கு எந்த நீளம், எந்தத் தடிமன், எந்த இடத்தில் திருகு என்பதே கணக்கு. தகட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். செலுத்துவது சிரமமாக இருந்தால் மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணிப் பிரிவை அணுகலாம்.

தகடு ஒரே அடியில் உடைவது அரிது. மறுபடியும் விழுந்தால் ஒழிய, அது உடைவது அந்தக் கம்பியைப் போல, திரும்பத் திரும்ப வளைந்து சலித்துப் போவதால்தான். ஒரு நாளில் ஆயிரம் தடவை கையை அசைத்தால் மூன்று மாதத்தில் ஏறக்குறைய தொண்ணூறாயிரம் தடவை. இந்த அசைவுகள் இலேசானவையாக இருந்தால் தகடு தாங்கும். ஒவ்வொரு தடவையும் சுமையோடு என்றால் தாங்காது. ஆறு மாதம் கழித்துத் தகடு உடைந்து வருபவரிடம் பெரும்பாலும் காண்பது, எலும்பு கூடவே இல்லை என்பதைத்தான். எலும்பு கூடியிருந்தால் சுமை எலும்புக்குப் போயிருக்கும், தகட்டுக்கு வேலையே இருந்திருக்காது.

மேல்முனையில் உள்ள சிக்கல்

வயதானவர்களின் மேல்முனை எலும்பு உள்ளே பஞ்சு போன்றது. ஆஸ்டியோபொரோசிஸ் எனப்படும் எலும்பு மெலிவு நோய் உள்ளவர்களுக்கு அதில் வெற்றிடமே அதிகம். சாதாரணத் திருகு எலும்பை இறுகப் பற்றித் தகட்டை அதன்மேல் அழுத்திப் பிடிப்பதால்தான் நிற்கிறது. இற்றுப்போன பலகையில் திருகு நிற்குமா? அதற்காகத்தான் இப்போது தலையிலும் மரை உள்ள திருகுகள் வந்துள்ளன. திருகின் தலை தகட்டின் துளையோடு பூட்டிக்கொள்கிறது. திருகுகளும் தகடும் சேர்ந்து ஒரே சட்டமாகி எலும்பைத் தாங்குகின்றன. ஒரு திருகு மட்டும் தனியாகத் தளர்ந்து வெளியே வருவது எளிதல்ல.

ஆனாலும் இது மந்திரம் அல்ல. தகடு எலும்பின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. தோளைச் சுற்றியுள்ள தசைகள் எலும்பின் தலையை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அக்குள் பக்கம், அதாவது உள்பக்கம், எலும்பு நொறுங்கியிருந்தால் தலை அந்தப் பக்கமாகச் சாயப் பார்க்கும். நான்கு கால் மேசையில் இரண்டு காலை எடுத்துவிட்ட கதைதான். அதைத் தடுக்கவே அறுவை மருத்துவர் கீழிருந்து சாய்வாக மேலேறி, தலையின் உள்பக்க அடியைத் தாங்கும் திருகுகளைப் போடுகிறார். தசைநாண்களை உறுதியான நூலால் தகட்டின் சிறு துளைகளோடு சேர்த்துக் கட்டுவதும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் தலை கொஞ்சம் அமிழ்ந்தால், திருகுகள் பூட்டியிருப்பதால் பின்வாங்குவதில்லை. அவற்றின் நுனி தலையைத் துளைத்துக்கொண்டு மூட்டுக்குள் எட்டிப்பார்க்கும். கையை அசைக்கும்போது தோளுக்குள் உரசுவது போன்ற புதிய வலி வந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டியது இதனால்தான். எலும்பு மிகவும் மெலிந்து, தலை பல துண்டாகியிருந்தால், தகட்டைவிடச் செயற்கை மூட்டே மேல் என்று மருத்துவர் முடிவெடுக்கலாம்.

எந்த வேலை எவ்வளவு பாரம்?

உங்கள் எடை 60 கிலோ என்றால், ஒரு கையின் எடை மட்டும் சுமார் 3 கிலோ. கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டினால் அந்த எடை தோள் மூட்டிலிருந்து ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தள்ளி இழுக்கிறது. அதைத் தூக்கும் தசையோ மூட்டிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இழுக்க முடியும். அதனால் அது பத்து மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 30 கிலோ விசையில் இழுக்க வேண்டும். கையில் ஒரு கிலோ சீனிப் பொட்டலம் இருந்தால் அது 60 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதால் இன்னும் 20 கிலோ கூடுகிறது. கணக்கை எளிதாக்கிச் சொல்கிறோம். உண்மையில் வேறு தசைகளும் சேர்ந்து இறுக்குவதால் மூட்டில் விழும் பாரம் இதைவிடக் கூடுதல். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு கிலோ பொட்டலத்தை நீட்டி எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது இப்போது புரியும். அதே பொட்டலத்தை உடலோடு ஒட்டிப் பிடித்தால் பாரம் பல மடங்கு குறைகிறது.

முறுக்கு விசை இன்னும் ஏமாற்றும். முழங்கையை மடக்கி வைத்திருக்கும்போது முன்கை ஒரு ஸ்பேனரின் கைப்பிடிபோல் ஆகிறது, மேற்கை எலும்புதான் அதில் மாட்டிய போல்ட். இழுவைக் கதவைப் பக்கவாட்டில் தள்ளுவது, துணி பிழிவது, மாவு பிசைவது, அம்மியில் அரைப்பது எல்லாம் மேற்கையை முறுக்கும் வேலைகள். இவற்றில் எடை எதையும் தூக்கவில்லையே என்று தோன்றும். ஆனால் நடுப்பகுதியில் தகடு வைத்தவருக்கு ஒரு கிலோ தூக்குவதைவிடத் துணி பிழிவது கெடுதலாக இருக்கலாம். மோட்டார் சைக்கிளும் அப்படியே. கைப்பிடி அதிர்வு, திருப்பும்போது விழும் முறுக்கு, திடீரென்று பிரேக் பிடித்தால் இரண்டு கையிலும் விழும் உடல் எடை, எல்லாம் சேர்கின்றன. எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் அனுமதிக்கும் வரை ஓட்டாதீர்கள்.

பலர் யோசிக்காத இன்னொன்று நாற்காலி. கழிப்பறையிலோ கட்டிலிலோ இருந்து எழும்போது கையை ஊன்றித் தள்ளும் பழக்கம் நமக்குத் தெரியாமலேயே நடக்கிறது. அந்த ஒரு கணத்தில் உடல் எடையின் ஒரு பெரும் பங்கு தகட்டின் மேல் விழுகிறது. முதல் வாரங்களில் உயரமான நாற்காலியில் உட்காருங்கள். படுக்கையில் நல்ல கை இருக்கும் பக்கமாகப் புரண்டு எழுங்கள். தலையணைகளை அடுக்கிச் சற்றுச் சாய்ந்த நிலையில் தூங்குவது பலருக்கு எளிதாக இருக்கிறது. சட்டையோ ரவிக்கையோ அணியும்போது அடிபட்ட கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள்.

இவ்வளவு படித்தபின் கையை அசைக்கவே பயம் வரலாம். அதுவும் தவறு. தகடு வைத்ததன் பெரிய நன்மையே சீக்கிரம் அசைக்க முடிவதுதான். விரல்களை மடக்கி நீட்டுவது, மணிக்கட்டை அசைப்பது ஆகியவற்றைப் பொதுவாக முதல் நாளிலிருந்தே செய்யலாம். முழங்கையையும் பெரும்பாலும் விரைவிலேயே மடக்கி நீட்டச் சொல்வார்கள். தோளுக்கு, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் நாளில், முன்னால் குனிந்து கையைத் தளர்வாகத் தொங்கவிட்டுக் கடிகார ஊசல்போல் ஆட்டும் பயிற்சி தொடங்கும். அதில் தசை எதையும் தூக்குவதில்லை, தகட்டில் பாரம் குறைவு. அடுத்து, நல்ல கையால் அடிபட்ட கையைத் தாங்கி உயர்த்துவது. தானாகத் தூக்குவதும், எடை சேர்ப்பதும் எலும்பு கூடுவது எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகுதான். இந்த வரிசைக்குக் காரணம் மேலே சொன்ன கணக்குத்தான். ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குப் போக ஆசை வந்தால், முதலில் உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.

எண்ணெய் தேய்த்து உருவலாமா?

கூடாது. வீக்கம் இறங்கவில்லை, கை மரத்திருக்கிறது என்று சொன்னால் வீட்டில் யாராவது ஒருவர் நல்ல கைராசிக்காரர் ஒருவரைத் தெரியும் என்பார். நல்லெண்ணத்தில்தான் சொல்வார். ஆனால் உருவுபவர் கையை இழுத்துத் திருப்பும்போது விழுவது அதே முறுக்கு விசை. புதிதாக உருவான மென்மையான எலும்பு அதில் பெயர்ந்துவிடலாம், திருகு தளரலாம். காயம் ஆறாத இடத்தில் எண்ணெயும் பச்சிலையும் கிருமிக்கு வழிவிடும். உலோகத்தின்மேல் கிருமி படிந்தால் மருந்தால் மட்டும் அதை அகற்றுவது கடினம், மறுபடியும் திறக்க வேண்டி வரும். விரல்களை அசைப்பதும், கையைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பதுமே வீக்கத்தை இறக்கும்.

புகைபிடிப்பவர்கள் இந்த மாதங்களிலாவது நிறுத்த வேண்டும், மின்சிகரெட்டும் சேர்த்துத்தான். நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகைபிடிப்பவர்களுக்கு எலும்பு கூடத் தாமதமாவதும், கூடாமலே போவதும் அதிகம். நீரிழிவு உள்ளவர்கள் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருங்கள். 50 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைந்திருந்தால், எலும்பு மெலிவு நோய்க்கான பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். அடுத்து உடைவது இடுப்பாக இருக்கலாம்.

கை தொங்கிப் போனால்

மேற்கை எலும்பின் பின்புறத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு ஓடுகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் மேல்நோக்கித் தூக்குவது அதன் வேலை. நடுப்பகுதி உடைந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த நரம்பு நசுங்குகிறது அல்லது இழுபடுகிறது. மணிக்கட்டு தொய்ந்து தொங்கும், கட்டைவிரலின் பின்பக்கம் மரத்திருக்கும். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலோருக்கு இது சில மாதங்களில் தானாகவே சரியாகிறது. அதுவரை மணிக்கட்டைத் தாங்கும் பட்டை கட்டி, விரல்கள் இறுகிவிடாமல் பயிற்சி செய்ய வேண்டும். நன்றாக இருந்த மணிக்கட்டு திடீரென்று தொங்கினால் மட்டும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

காய்ச்சலோடு காயம் சிவந்து சீழ் வடிந்தாலும், விரல்கள் வெளுத்துச் சில்லிட்டாலும், முறிந்த இடத்தில் ‘டக்’ என்று சத்தம் கேட்டு வலி கூடினாலும், கையின் வடிவம் மாறினாலும் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்காதீர்கள். குறைந்துகொண்டே வந்த வலி மூன்றாவது நான்காவது மாதத்தில் மறுபடியும் ஏறத் தொடங்குவதும் ஓர் அறிகுறி. எலும்பு கூடாமல் தகடு சலிக்கிறது என்று அதற்குப் பொருள் இருக்கலாம். இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் தகடு ஒடிவதற்கு முன்பே வழி செய்யலாம். வலி இல்லை, வேலை இருக்கிறது என்று எக்ஸ்ரே நாளைத் தவறவிடாதீர்கள். வேலையிடத்திலோ வேலைக்குப் போகும் வரும் வழியிலோ அடிபட்டவர்கள், சொக்சோ சந்தா செலுத்துபவராக இருந்தால், விடுப்புக்கும் மறுவாழ்வுச் சிகிச்சைக்கும் அங்கே விண்ணப்பிக்கலாம். அதனால் சம்பளத்துக்குப் பயந்து முன்கூட்டியே பாரம் தூக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டியதில்லை.

தகட்டைப் பிறகு எடுத்துவிட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். உறுத்தல், கிருமித்தொற்று, திருகு மூட்டுக்குள் வருவது போன்ற காரணம் இருந்தால்தான் எடுக்கிறார்கள். நடுப்பகுதித் தகட்டை எடுக்கும்போது அந்த நரம்பு தழும்பில் ஒட்டியிருக்கலாம், அதைக் காயப்படுத்தும் ஆபத்து உண்டு. விமான நிலையச் சோதனைக் கருவி ஒலி எழுப்பினால் கையில் தகடு இருப்பதைச் சொல்லித் தழும்பைக் காட்டுங்கள். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். இன்றைய தகடுகள் பெரும்பாலும் அதற்குத் தடையாக இருப்பதில்லை.

எடுத்தே ஆக வேண்டும் என்றால், எடுத்த பிறகு உள்ள மாதங்களையும் கவனியுங்கள். திருகு இருந்த துளைகள் எலும்பில் அப்படியே இருக்கும். துளையிட்ட மூங்கில் துளையின் வழியாகவே பிளக்கும் அல்லவா? அந்தத் துளைகளில் எலும்பு நிரம்ப இரண்டு மூன்று மாதங்களாவது ஆகும். அதுவரை பாரம் தூக்குவதும், பந்து விளையாட்டும், மேசையில் கையூன்றி மல்லுக்கட்டுவதும் வேண்டாம்.